உப்புவெளியிலிருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. டித்வா புயல் நேரம் திருகோணமலை விடுதிகள் சனத்துக்கு என்ன செய்தன, இந்தப் புரட்டாதி, ஐப்பசியில் அங்கே வரலாமா என்று. உப்புவெளியில் ஏழு அறை விடுதி ஒன்றை வைத்திருக்கிறவள் நான். பார்த்ததையும் செய்ததையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். ஆனால் அவ்வளவு சனம் வீடு வாசலை இழந்த மாவட்டத்துக்கு உல்லாசமாக வெளிக்கிட்டுப் போவது மனதுக்கு ஒருமாதிரி இருக்கிறது அக்கா. வரலாமா?
(வாசகி, வவுனியா)

வாங்கோ தங்கச்சி. உங்கள் தயக்கம் நல்ல மனசிலிருந்து வருகிறது, அது எனக்கு விளங்குகிறது. அதனால் அந்த நாட்களில் எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

டித்வா 2025 நவம்பர் 28 அன்று எங்கள் கிழக்குக் கரையில் ஏறியது. நவம்பர் என்றால் எங்களுக்கு வெறும் அறைக் காலம். கச்சான் காற்று ஓய்ந்து வாடைக் காற்று பிடித்ததும் படகுகளைக் கரையில் இழுத்து வைத்துவிடுவோம். கட்டிலில் மெத்தையைச் சுருட்டிவிடுவோம், வேலையாட்களில் பாதிப்பேர் வயல் வேலைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். என்னிடம் அறைகளைத் துப்புரவு செய்கிற பெடியன் வெருகல் பக்கம். புயலுக்குப் பிறகு மாவிலாற்றுக் கட்டு உடைப்பெடுத்து மகாவலித் தண்ணீர் ஊர்களுக்குள் ஏறியபோது, அவன் வீட்டார் மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு இரவு இருந்தார்கள். கடல் தணிந்ததும் கொட்டியாரக் குடாவைப் படகில் தாண்டி வந்து என் வாசலில் நின்றார்கள். அவர்களோடு அயல் வீட்டாரும் வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு பேர். எட்டுப் பேர் சின்னப் பிள்ளைகள்.

சுருட்டிய மெத்தைகளை விரித்தோம். மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் எங்கும் இல்லை, பக்கத்து விடுதிக்காரர் தன்னுடைய கானில் பாதியைத் தந்தார். தாங்கியில் இருந்த தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதுக்கெல்லாம் கிணறு. முதல் நாள் நான்தான் சமைத்தேன். வந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சி, தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தார். அடுத்த நாள் காலை என் குசினிக்குள் வந்து, ஒன்றும் பேசாமல் திருவலையை இழுத்துப்போட்டுத் தேங்காய் துருவத் தொடங்கினார். அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். நான் குசினியை அப்படியே அவர்களிடம் விட்டுவிட்டேன்.

மழை விட்ட நாள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் காயப்போட இடம் தேடினோம். வெள்ளைக்காரர் வெயில் காய்கிற சாய்வுக் கட்டில்கள் பன்னிரண்டு என்னிடம் உண்டு. அவ்வளவையும் விறாந்தையில் வரிசையாகப் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு கொப்பியாக விரித்து வைத்தோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காற்று தாளைப் புரட்டாமல் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கக் காவல் இருந்தது.

ஒன்பது நாள் இருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் அடுப்பில் ஏறிய அரிசி எந்தக் காசில் வந்தது தெரியுமா? ஜூலையிலும் ஓகஸ்டிலும் வவுனியாவிலிருந்தும் கண்டியிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு வந்து தங்கியவர்கள் தந்த காசு. நீங்கள் வந்து தங்குகிற இரண்டு இரவுக் காசில் துணி வெளுக்கிற அம்மாவுக்கும், புறாத்தீவுக்குப் படகு விடுகிறவருக்கும், அந்த வெருகல் பெடியனுக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த மாரியில் என் அரிசிப் பானை நிறைந்திருக்குமா இல்லையா என்பதும் அதில்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.

2023 ஓகஸ்டில் கனடாவின் கெலோனாப் பக்கம் காட்டுத்தீ வந்தபோது, ஹோட்டல்களில் இருந்த சுற்றுலாக்காரரை அரசாங்கமே வெளியேறச் சொன்னது. பிறகு அதே இடத்தார் 'இலையுதிர் காலத்துக்கு வாருங்கள்' என்று அழைத்தார்கள். இது முரண் இல்லையா? இலங்கையில் இப்படிச் செய்ய முடியுமா?
(வாசகர், ரொறன்ரோ)

ஐயா, எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அங்கே நடந்ததை இங்கே மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் 17 இரவு மேற்குக் கெலோனாப் பக்கத்துத் தீ, ஒகனகன் ஏரியையே தாண்டிப் பறந்து மறுகரையில் பிடித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுவதும் பல்லாயிரம் பேருக்கு வீட்டை விட்டு வெளியேறும் கட்டளை போனது. அந்தப் பள்ளத்தாக்குக்கு ஓகஸ்ட் என்றால் உச்சப் பருவம், அறைகள் நிரம்பியிருக்கும். அதனால் 19ஆம் திகதி மாகாண அரசு ஒரு அவசரக் கட்டளை போட்டது. கெலோனா, காம்லூப்ஸ், பென்டிக்டன், வேர்னன் போன்ற ஊர்களில் அவசியமில்லாத பயணத்துக்கு யாரும் அறை எடுக்கக் கூடாது, அறைகள் இடம்பெயர்ந்தவர்களுக்கும் தீயணைப்பவர்களுக்கும் வேண்டும் என்று. சில நாட்களில் மேற்குக் கெலோனா தவிர மற்ற ஊர்களுக்குக் கட்டளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிற செப்டெம்பரும் ஒக்டோபரும் அங்கே திராட்சை அறுவடைக் காலம். கோடையை இழந்த விடுதிக்காரரும் தோட்டக்காரரும் அந்த இரண்டு மாதத்திலாவது ஆட்கள் வரட்டும் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டால் அவர்களின் வேலையாட்கள் குளிர்காலத்தை எப்படிக் கடப்பார்கள்?

எங்கள் கணக்கு வேறு. எங்களுக்குப் பெருமழை பெரும்பாலும் அறை வெறுமையாக இருக்கும்போது வருகிறது. அதனால் 'யாரை வெளியே அனுப்புவது' என்ற கேள்வி எங்களுக்கு அடிக்கடி எழுவதில்லை. ஆனால் எப்போதும் அப்படித்தான் என்று நம்பி இருக்கவும் முடியாது. கந்தளாய்க் குளம் உடைத்தது 1986 ஏப்ரல் 20 அன்று, மழைக்காலத்தில் அல்ல. சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26 நத்தார் விடுமுறை, நிலாவெளியில் வெளிநாட்டவர் இருந்தார்கள். அன்று நான் உடுத்த சட்டையோடு ஓடி அன்புவழிபுரத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஏறினேன். அதே வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் ஈர உடுப்போடு இருந்தார்கள். வீட்டுக்கார அம்மா மூன்று பேருக்கும் ஒரே கோப்பையில் மாறி மாறிப் பிளேன்டீ தந்தார்.

பருவத்தின் நடுவில் ஓர் அனர்த்தம் வந்தால் இங்கேயும் கெலோனாவில் போல ஒரு தெளிவான கட்டளை வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விடுதிக்காரரின் மனச்சாட்சியில் மட்டும் அதை விட்டுவிடக் கூடாது. ஒருவர் அறை கொடுப்பார், ஒருவர் கூடுதல் விலைக்கு விற்பார், கொடுத்தவர்தான் நொந்துபோவார்.

ஐப்பசியில் வந்தால் திமிங்கிலம் பார்க்கலாமா?
(வாசகர், மாத்தளை)

அதற்காக என்றால் வர வேண்டாம். பங்குனியிலிருந்து ஆவணி வரைதான் நல்ல வாய்ப்பு. ஐப்பசியில் உங்களைக் கடலுக்குள் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் யோசியுங்கள்.

பாசிக்குடாப் பக்கம் புதிதாக நான்கு அறை விடுதி தொடங்கியிருக்கிறேன். அடுத்த தடவை வெள்ளம் வந்தால் சனத்தைத் தங்கவைக்க விருப்பம். எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், வாழைச்சேனை)

தம்பி, விருப்பம் இருக்கிறதே, அதுவே பெரிசு. நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை கிராம உத்தியோகத்தருக்கு அறிவிப்பது. வந்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்தப் பிரிவு என்று ஒரு கொப்பியில் எழுதி அன்றைக்கே கொடுத்துவிடு. நான் அதை மூன்று நாள் பிந்திச் செய்தேன். நலன்புரி நிலையத்தில் இருந்தவர்களுக்கு உலர் உணவு பதிந்தபோது என் வீட்டில் இருந்தவர்கள் பட்டியலில் இல்லை. பிரதேச செயலகத்துக்கும் ஊருக்குமாக அலைந்து பிறகுதான் சேர்த்தார்கள். அறையில் இருந்ததால் அவர்களுக்கு வசதி என்று நினைத்துவிட்டார்கள். வீடு போனது போனதுதானே.

அறைச் சாவியைப் பெண்களிடம் கொடு. முகாமில் இருந்து வருகிற பெண் பிள்ளைகளுக்கு உள்ளே பூட்டிக்கொண்டு குளிக்க முடிவதுதான் பெரிய ஆறுதல். என்னிடம் ஒரு தாய் சோறு கேட்கவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

கிணற்று நீரை நம்பாதே. வெள்ளம் தொட்ட கிணறு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து குளோரின் போடும்வரை கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். மலசலகூடக் குழி நிரம்பும், அதையும் முன்கூட்டி யோசி. நான்கு அறைக்கு நான்கு குடும்பத்துக்கு மேல் எடுக்காதே. மனசு கேட்காது, ஆனாலும் எடுக்காதே. நான் முப்பத்தொரு பேரை எடுத்து ஆறாம் நாள் குழி நிரம்பி எல்லாரும் அவதிப்பட்டோம்.

படம் எடுக்காதே. யாரையும் எடுக்க விடவும் வேண்டாம். உன் விடுதியின் விளம்பரத்தில் அந்தப் பிள்ளைகளின் முகம் வரக் கூடாது.

உன் வேலையாளின் வீடும் வெள்ளத்தில் போயிருக்கும் என்பதை மறந்துவிடாதே. அவன் உன் விடுதியில் மற்றவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டு நிற்பான், அவன் வீட்டுக் கூரை எங்கே என்று தெரியாது. அந்த மாதச் சம்பளத்தை முதல் வாரமே கொடுத்துவிடு.

பிறகு, போகிற நாள். தண்ணீர் வடிந்த உடனே 'இனி வீட்டுக்குப் போகலாம்தானே' என்று கேட்கத் தோன்றும். கேட்காதே. முதலில் வீட்டுக்கு ஓர் ஆம்பிளையை அனுப்பிப் பார்க்கச் சொல்லு. கிணறு இறைத்தாயிற்றா, பாம்பு பூச்சி துரத்தியாயிற்றா, அடுப்பு மூட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு போகட்டும். அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வை.

புயல் நேரம் ஒரு விடுதிக்கு முற்பணம் கட்டியிருந்தேன். பாதை எல்லாம் மூடியிருந்ததால் வர முடியவில்லை. பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள்.
(வாசகி, கண்டி)

அவர்கள் செய்தது பிழை. பாதை மூடியது உங்கள் குற்றம் இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், டிசெம்பருக்குப் பதிந்திருந்த ஐந்து குடும்பத்துக்கும் நானே தொலைபேசி எடுத்தேன். காசு வேண்டுமென்றால் அனுப்புகிறேன், இல்லை என்றால் அடுத்த சித்திரைக்குப் பிறகு எந்த நாள் வேண்டுமானாலும் அதே விலைக்கு அறை தருகிறேன் என்றேன். ஒருவர் மட்டும் காசைக் கேட்டார், அனுப்பிவிட்டேன். நான்கு குடும்பம் நாளை மாற்றிக்கொண்டது. அதில் ஒரு வீட்டுக்காரர், 'அந்தக் காசை இப்போது சாமானுக்குப் பாவியுங்கள் அம்மா, நாங்கள் வரும்போது வருகிறோம்' என்றார். அவர் அதைச் சொன்ன நேரம் என் கையில் கடைக்காரனுக்குக் கொடுக்கக் காசு இல்லை.

உங்கள் விடுதிக்காரரிடம் நாளை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்: முற்பணம் கட்டும் முன்பே, சிவப்பு எச்சரிக்கை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக வாங்கி வையுங்கள்.

சனம் இன்னும் முகாமில் இருக்கும்போதே 'சுற்றுலாவுக்கு வாருங்கள்' என்று விளம்பரம் செய்வது மனிதாபிமானமா? எப்போது அழைப்பது சரி?
(ஆசிரியை, யாழ்ப்பாணம்)

ரீச்சர், இந்தக் கேள்விக்கு நான் ஒரு கிழமை யோசித்தேன்.

ஹவாயில் மாவி தீவின் லஹைனா நகரம் 2023 ஓகஸ்ட் 8 எரிந்தது. வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்களைக் கடற்கரை ஹோட்டல்களில் தங்கவைத்தார்கள். சரியாக இரண்டு மாதத்தில், ஒக்டோபர் 8 அன்று, மேற்கு மாவியைச் சுற்றுலாவுக்குத் திறக்கத் தொடங்கினார்கள். ஊர்ச் சனத்தில் பலர் எதிர்த்துக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள், எங்கள் துக்கம் ஆறவில்லை என்று. வேலை இல்லாமல் இருந்த இன்னும் பலர் திறக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவர்கள்தான்.

ஜப்பானில் 2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, பள்ளிக்கூட மண்டபங்களில் குளிரில் கிடந்தவர்களைத் தெற்கே காகா பக்கத்து வெந்நீரூற்று விடுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் 16 அன்று புதிய அதிவேக ரயில் பாதை அந்தப் பக்கம் திறந்தது, பயணிகளுக்குக் கட்டணச் சலுகையும் வந்தது. விடுதியில் இருந்த வயதானவர்கள் அடுத்து எங்கே போவது என்ற கேள்வி அங்கேயும் வந்தது.

இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. நாள் கணக்கை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. அறையில் இருக்கிற கடைசிக் குடும்பத்துக்குப் போக ஓர் இடம் உறுதியான பிறகு அந்த அறையை விற்கலாம், அதற்கு முன் விற்கக் கூடாது. மற்ற அறைகளைத் திறக்கலாம், திறக்கத்தான் வேண்டும். இதில் நானும் ஒருமுறை பிழைவிடப் பார்த்தேன். ஏழாம் நாள் கொழும்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, நத்தாருக்கு மூன்று அறை வேண்டும், இப்போதே முழுக் காசும் அனுப்புகிறேன் என்றார். எனக்குக் கை நடுங்கியது, அவ்வளவு தேவை இருந்தது. வெருகல் பெடியனைக் கூப்பிட்டுக் கேட்டேன், நத்தாருக்கு முன் உங்கள் ஆட்களுக்கு இடம் சரிவருமா என்று. அவன், 'சரிவரும் அம்மா, நீங்கள் எடுங்கோ, எனக்கும் வேலை வேண்டும்' என்றான். அவன் சொன்ன பிறகுதான் சம்மதித்தேன். அவனைக் கேட்காமல் காசை வாங்கியிருந்தால் அதன் பிறகு அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆகவே அழைப்பை யார் விடுக்கிறார்கள் என்று பாருங்கள் ரீச்சர். கொழும்பிலிருந்து வருகிற விளம்பரத்தை விட, படகுக்காரரும் அறை கூட்டுகிறவரும் சமைக்கிறவரும் 'வாங்கோ' என்று சொல்கிறார்களா என்று கேட்டு வாருங்கள். இந்த வருடம் அவர்கள் சொல்கிறார்கள்.

புரட்டாதிக் கடைசி அல்லது ஐப்பசி முதல் வாரம், மூன்று நாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே போகலாம்?
(வாசகர், கொழும்பு)

நல்ல காலம். வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும், வாடை இன்னும் முற்றாகப் பிடித்திருக்காது, அறை விலையும் இறங்கியிருக்கும். பின்னேரங்களில் இடி மழை வரலாம், ஆகவே கடல் வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். ஐப்பசி நடுவைத் தாண்டினால் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் வெளிக்கிட வேண்டாம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் வந்தால் அம்மாவுக்குக் காலை நீட்ட வசதி. முதல் நாள் பின்னேரம் கோணேஸ்வரம். பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து ஏற்றம், ஆட்டோ பிடியுங்கள். கோட்டைக்குள் திரிகிற மான்களுக்குப் பொலித்தீனோடு எதையும் போடாதீர்கள், அதைத் தின்று சாகின்றன. நவராத்திரி நாட்களில் வந்தால் இரவில் கும்பம் எடுப்பதைப் பார்க்கலாம். சின்ன வயதில் என்னை அப்பா தோளில் வைத்துக் காட்டியது, இன்றைக்கும் பறைச்சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவேன்.

இரண்டாம் நாள் காலை, கடல் அமைதியாக இருந்தால் பிள்ளைகளைப் புறாத்தீவுக்கு அனுப்புங்கள். தேசியப் பூங்கா என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும். பவளப்பாறையில் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அம்மாவைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போங்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. முழங்காலுக்கு இதமாக இருக்கும்.

மூன்றாம் நாளைக் கடற்கரையில் கழிக்காமல் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர்ப் பக்கம் போய்விட்டு வாருங்கள். பாலம் 2009இல் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த இடம் அது. வெள்ளம் ஏறிய வயல்களைப் பார்ப்பீர்கள். பாதையோரக் கடைகளில் இறங்கித் தேத்தண்ணீர் குடியுங்கள், மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே எடுங்கள், விடுதியில் கட்டிக்கொண்டு போக வேண்டாம். திரும்பும்போது எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு வாங்குங்கள். காலையில் போகும்போதே கடைக்காரரிடம் சொல்லி வைத்தால்தான் மாலைக்கு மிஞ்சும்.